வலக்கையில் பிடித்த இரண்டு நூல்

மெஷின் ஓட்டுவதையும் வளைவு வெட்டுவதையும் தையல் பழகுகிற உங்களுக்கு யாரும் சொல்லித் தரலாம். கையிலிருக்கும் போனே சொல்லித் தருகிறது. நான் எழுத உட்கார்ந்தது ஒரு சாறிச் சட்டையின் வலக்கையைப் பற்றி மட்டும். கண் மங்கி, கழுத்தெலும்பு தேய்ந்து, கல்லடியில் இருந்த என் தையல் கடையின் சாவியை இன்னொருத்தியிடம் கொடுத்து இரண்டு வருடமாகிறது. ஐம்பத்துமூன்று வயதில் ஓய்வு என்று சொன்னால் ஊர் சிரிக்கிறது. சிரிக்கட்டும். பின்னேரங்களில் பாலத்தடியில் போய் நின்று வாவியைப் பார்க்கிறேன். தண்ணீர் இருந்த இடத்தில் இருக்கிறது. எனக்குத்தான் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை.

அந்த நடிகையின் பெயரை எழுதவில்லை. கறுப்பு வெள்ளைப் படங்களின் காலத்தவர். நான் பிறந்தபோதே அவருடைய படங்கள் பழைய படங்கள். எங்கள் வெட்டு மேசையில் அவர் ஓர் அளவாகத்தான் வாழ்ந்தார். முழங்கைக்கு ஒரு விரல் மேலே முடிகிற, தோலோடு ஒட்டிப் பிடிக்கிற கை. கழுத்தெலும்பைத் தொட்டும் தொடாமலும் தோளிலிருந்து தோளுக்குப் போகிற கழுத்து. முதுகில் பொத்தான். "அவட கை வைச்சுத் தையுங்க" என்று சொன்னால் போதும், நான் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டேன். அவருடைய ஒரு படத்தைக்கூடப் பார்த்திராத பிள்ளைகள் இன்று போனில் அந்த முகத்தை விரலால் பெருப்பித்து, "அன்ரி, இந்தக் கை" என்று காட்டுகிறார்கள். முகம் திரையின் ஓரத்துக்குப் போய்விடும். கை மட்டும் நடுவில் நிற்கும்.

ஏன் அந்தக் கை சாகவில்லை என்று நான் பலநாள் யோசித்திருக்கிறேன். அதைப் போட்டவள் கையை வீசி நடக்க முடியாது. சட்டென்று எட்டி எதையும் பறிக்க முடியாது. தோள் தானாகப் பின்னுக்குப் போகும், முதுகும் நாரியும் நிமிரும், கை மெல்ல உயரும், மெல்லத் தாழும். பார்க்கிறவர்களுக்கு, உலகத்தில் எந்த அவசரமும் இல்லாத ஒருத்திபோலத் தெரிவாள். விடிய எழும்பி நாள் முழுதும் ஓடுகிற பெண்கள் எங்களுடையவர்கள். அவசரமில்லாதவளாக அரை நாள் தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்தக் கையைக் கேட்டார்கள் என்று நினைக்கிறேன்.

தவமணியக்காவுக்கு ஊர் ஆரையம்பதி. பாலர் பாடசாலையில் படிப்பித்தவர். பதினெட்டு வயதில் யாரோ ஒரு கிழவர் பஸ்ஸில் வைத்து, "இந்தப் புள்ள அந்த நடிகையப்போல இரிக்கே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாராம். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவருக்கு வேறு கையே கிடையாது. கோயில் சடங்குக்குப் போனால் பெண்கள் குரல் கொடுப்பார்கள். "நடிகை வாறா, இடம் விடுங்கடி!"

"ஓமோம், கையெழுத்து வேணுமெண்டா வரிசையில நில்லுங்க" என்பார் இவர்.

இருபது வருடம் அவருக்கு நான் தைத்தேன். அந்த இருபது வருடத்தில் ஒருமுறைகூட அவர் உடம்பில் அளவு நாடா வைத்ததில்லை. அது எங்கள் பக்கத்து வழக்கம். நன்றாகப் பிடிக்கிற பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவந்து தருவார்கள். அளவுச் சட்டை என்போம். அதை மேசையில் விரித்து அளந்து புதியதை வெட்டுவோம். உடம்பைத் தொடத் தேவையில்லை. அவர்களுக்கும் கூச்சமில்லை, எங்களுக்கும் வேலை சுகம்.

மகளின் கல்யாணத்துக்குச் சாறியும் துணியும் கொண்டு அவர் வந்தபோது நான் அவரைக் கண்டு மூன்று மாதத்துக்கு மேலிருக்கும். கொழும்பில் தம்பி வீட்டில் நின்றதாகக் கேள்விப்பட்டிருந்தேன். மெலிந்திருந்தார். சாறித் தலைப்பை வலப்பக்கமும் இழுத்துப் போர்த்தியிருந்தார்.

"அளவு மாத்த வேணுமா கா?"

"பழைய அளவுதான். ஒண்டும் மாத்தாத."

அளவுச் சட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஆள் மாறியிருக்கிறார் என்று என் கண் சொன்னது. அதை விட்டுவிட்டு அந்தப் பழைய துணியை நம்பினேன். தைத்தேன். அழகாக வந்தது.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்க, மத்தியானம், கடையில் ஒருவருமில்லாத நேரமாகப் பார்த்து வந்தார். சட்டையை எடுத்துக்கொண்டு திரைக்குள் போனார். நேரம் போனது. சத்தமில்லை. நான் வெளியில் ஒரு சட்டைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன கா, தம்பி வீட்டுச் சாப்பாடு எல்லாம் கையில போய் நிண்டுட்டோ? ஏறுதில்லையோ?" என்று பகிடி விட்டுச் சிரித்தேன்.

திரை ஒரு சாண் விலகியது.

"உள்ளுக்கு வா புள்ள. பாத்துட்டு மறுகா சிரி."

இடக்கை ஏறியிருந்தது. வலக்கையில் சட்டை பாதி வழியில், முழங்கைக்குக் கீழேயே நின்றுவிட்டது. மணிக்கட்டிலிருந்து தோள்வரை வீங்கி, தோல் மினுமினுத்தது. நெஞ்சில் தொங்கிய துணி இடப்பக்கம் நிரம்பியிருந்தது. வலப்பக்கம் அது மடிந்து, உள்ளே ஒன்றுமில்லாமல் கிடந்தது.

"எடுத்துப்போட்டாங்க புள்ள. கொழும்பில வைச்சு."

என் வாயில் நூல் இருந்தது. அதைத் துப்பவும் தெரியாமல் விழுங்கவும் தெரியாமல் நின்றேன்.

"ஏன் கா எனக்கிட்டச் சொல்லல்ல?"

"வாய் வரல்ல. பழைய சட்டையைத் தந்தா பழைய மாதிரியே வந்திடுமெண்டு ஒரு விசர் நெனப்பு."

பிறகு முக்காலியில் இருந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு எல்லாம் சொன்னார். புருசனுக்கும் மகளுக்கும் மட்டும்தான் தெரியும். மாப்பிள்ளை பகுதிக்கு ஊர் பனிச்சங்கேணி. சீதனமாக வீடு எழுதியாயிற்று, கார்ட் கொடுத்தாயிற்று.

"தாய்க்கு வந்தா மகளுக்கும் வருமெண்டு ஒரு கதை எழும்பினாக் காணும் புள்ள. என்ட பிள்ளைட வாழ்க்கை மணவறையிலயே நிண்டுபோகும். தாலி ஏறுமட்டும் ஒருத்தருக்கும் தெரியப்படா."

தொளதொளவென்று முழுக்கை வைத்துத் தைத்துத் தருகிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பாலர் பாடசாலை ரீச்சர் இருந்தார்.

"நல்ல கெட்டிக்காரி நீ. முப்பத்தஞ்சு வரிசமா இந்தக் கையோட திரிஞ்சவள் அண்டைக்கு மட்டும் வேற கை வைச்சுக்கொண்டு போய் நிண்டா, அத்தனை பொம்புளையளும் ஏனெண்டு கேக்காதுகளா? நான் நானாப் போய் நிண்டாத்தான் புள்ள மறைக்கலாம்."

அது உண்மை. அந்த நடிகையின் கை அவருக்குப் பவிசாக இருந்தது போய், கழற்ற முடியாத ஒன்றாகிவிட்டது. இடப்பக்கமாக இருந்திருந்தால் சாறித் தலைப்பு பாதி மூடியிருக்கும். வலப்பக்கம் திறந்து கிடக்கிற பக்கம். தட்டு வாங்குகிற, கும்பிடுகிற, ஆசீர்வதிக்கிற கை.

அன்றுதான் முதல்முறை அவர் உடம்பில் நாடா வைத்தேன். இரண்டு கையையும் தனித்தனியே அளந்தேன். முன்பக்கத்துக்கு உள்ளே ஒரு பை வைக்கலாம் என்று முடிவு செய்தேன். பஞ்சு வைத்தால் பாரமில்லாமல் மேலே ஏறிவிடும். பயறு கட்டியாக நின்றது. கடைசியில் குரக்கன் தானியத்தைச் சிறு துணிப்பையில் நிரப்பி வைத்தபோது அது சரிந்து, படிந்து, மூச்சோடு அசைந்தது. அவர் உள்ளங்கையில் வைத்து நிறை பார்த்தார்.

"மாப்பிள்ளை பகுதிக்குப் பசிச்சா கூழ் காய்ச்சிக் குடுக்கலாம் புள்ள" என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அவர் அழுதார். நான் பையின் வாயைத் தைத்தேன்.

கைக்கு நான் செய்தது, இன்றும் என் வேலையில் நல்ல வேலை என்று நினைப்பது. வீங்கிய வலக்கையைச் சுருக்க முடியாது. ஆகவே இடக்கையைப் பருக்க வைத்தேன். இடக்கைச் சட்டைக்குள் இரண்டு மடி மெல்லிய துணியை உள்ளே கொடுத்துத் தைத்தேன். வலக்கைக்கு இரண்டு விரல் நுழைகிற அளவு இடம் விட்டேன். அந்தக் கையில் எதுவும் இறுக்கக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அவரே எனக்குச் சொன்னார். போட்டுப் பார்த்தபோது இரண்டு கையும் ஒன்றுபோல இருந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் கொஞ்சம் உடம்பு வைத்த அதே தவமணியக்கா.

இதோடு நின்றிருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

கல்யாணத்துக்கு முதல்நாள் காலை சட்டையோடு திரும்ப வந்தார். வீட்டில் பெரிய கண்ணாடிக்கு முன்னால் கையை உயர்த்திப் பார்த்திருக்கிறார்.

"கையைத் தூக்கேக்க சட்டைக்கை வாய் திறக்குது புள்ள. இது அவட கை இல்ல. ஆரோ இரவல் தந்த சட்டை மாதிரிக் கிடக்கு."

"அக்கா, இது இடம் வேணுமெண்டு விட்டது."

"வலக்கையில இரண்டு நூல் உள்ளுக்குப் பிடி. இரண்டே இரண்டு. அரை நாள்தானே?"

உங்களுக்குத் தெரியும், ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் நூல். இரண்டு நூல் என்றால் ஒன்றுமேயில்லாத அளவு. நான் மாட்டேன் என்று இரண்டு தரம் சொன்னேன். மூன்றாந்தரம் சொல்லவில்லை. அவருடைய முகத்துக்காக மட்டும் பிடித்தேன் என்று சொன்னால் அது பொய். வாய் திறந்த அந்தக் கை என் கண்ணையும் குத்தியது. நாளைக்கு நூறு பெண்கள் பார்க்கப்போகிற சட்டை, என் கடைச் சட்டை. மெஷினுக்குக் கீழே வைத்து, ஒரு ஓட்டம் ஓடினேன். அரை நிமிடம் இருக்காது. கை பிடித்தது. அவர் கண்ணாடியில் பார்த்து, தோளைப் பின்னுக்கு எடுத்து, பதினெட்டு வயதுக்காரியாக நின்றார்.

பிள்ளைகளே, நெருக்கடி என்றால் பெரிய சத்தத்தோடு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது இப்படித்தான் வரும், "இரண்டே இரண்டு நூல்" என்று கெஞ்சிக்கொண்டு. உங்களுக்குச் சரியான பதில் தெரிந்திருக்கும். எதிரே நிற்பவரின் ஆசையும் உங்கள் தொழில் செருக்கும் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டால், அந்தப் பதிலைக் காப்பாற்ற உள்ளே ஆள் இருக்காது.

கோயில் மண்டபத்தில் சரியான புழுக்கம். எல்லோரும் கல்யாணப் பொம்பிளையைப் பார்க்க நான் ஒரு கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை பகுதி தட்டுத் தட்டாகக் கொண்டுவந்தது. பழம், பலகாரம், கூறைச் சாறி. மாப்பிள்ளையின் தாய், உயரமான, அதிகம் பேசாத ஒரு அம்மா, ஒவ்வொன்றாகக் கொடுத்தார். தவமணியக்கா ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் வாங்கினார். யாரோ எனக்குப் பின்னால் சொன்னார்கள். "பாரன், இந்த வயசிலும் அந்தக் கையோட. மகளைவிடத் தாய்தான் வடிவு."

பத்து மணிக்கு அவர் விரல்கள் தடித்திருந்தன. பதினொரு மணிக்கு மோதிரம் சதைக்குள் புதைந்து, விரல் நுனி நாவற்பழ நிறமாகிவிட்டது. தாலி ஏறிய மேளச் சத்தத்துக்குள் நான் மேடையின் பின்பக்கமாகப் போனேன். என் கைப்பையில் சின்னக் கத்தரிக்கோல் எப்போதும் இருக்கும்.

"அக்கா, தாலி ஏறிட்டுத்தானே. உள்ளுக்கு வாங்க. கமுக்கட்டுப் பக்கம் ஒரு தையலை வெட்டி விடுறன், ஒருத்தருக்கும் தெரியாது."

"போட்டோ எடுத்து முடியட்டும் புள்ள."

போட்டோ எடுத்து முடிந்தது. திரும்பப் போனேன்.

"சம்மந்தியாக்களைச் சாப்பிட இருத்திட்டு வாறன்."

மூன்றாந்தரம் அவர் என்னைப் பார்க்கவேயில்லை. சிரித்துக்கொண்டு யாரையோ கும்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஒரு நிமிட வேலை. சபையில் ஒரு தையற்காரி அப்படிச் செய்வதா என்று நினைத்து, கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டுக்கொண்டு சாப்பாட்டு வரிசையில் போய் இருந்தேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல். கை தோள்வரை சிவந்து, நெருப்பாகி, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கிருமி தொற்றியிருக்கிறது என்றார்களாம். சட்டையால் வந்தது என்று எந்த டொக்டரும் சொல்லவில்லை. சட்டையால் வரவில்லை என்று சொல்லவும் எனக்கு ஒருவரும் இருக்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து மாப்பிள்ளையின் தாய் என் கடைக்கு வந்தார். பெண் வீட்டில்தான் மாப்பிள்ளை குடியிருப்பது எங்கள் வழக்கம். மாப்பிள்ளையின் தாய் தன் ஊரோடு இருப்பார். இந்த அம்மா பனிச்சங்கேணியிலிருந்து உடுப்போடு வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய சம்மந்தியை அவர் வீட்டிலேயே நின்று பார்த்துக்கொள்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். மெல்லிய பருத்தித் துணி நாலு கெஜம் கொண்டுவந்திருந்தார்.

"தங்கச்சி, சம்மந்திக்கு ரெண்டு சட்டை வேணும். நல்லாத் தொளதொளவெண்டு. முன்னுக்குத் திறக்கிற மாதிரி. வலப்பக்கம் பிரிச்சுப் பிரிச்சுக் கட்ட ஏலுமெண்டா இன்னும் நல்லம்."

நான் துணியை வாங்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். வலப்பக்கம் என்று எப்படி இவ்வளவு சரியாகச் சொல்கிறார்?

"பயப்படாதீங்க. எனக்குத் தெரியும்" என்றார். "தட்டுக் குடுக்கேக்க அவட விரல் என்ட விரலில பட்டிச்சு. என்ட அக்காவுக்கும் அந்தப் பக்கம் எடுத்தது, அவவுக்கும் இதே மாதிரித்தான் கை வீங்கும். முதல் தட்டிலேயே எனக்குப் பிடிபட்டுப்போச்சு."

"அம்மா, அண்டைக்கே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"சபையில வைச்சா? அவ அவ்வளவு பாடுபட்டு மறைக்கிறா. எனக்குத் தெரியுமெண்டு காட்டினா அவ கூசிச் செத்துப்போவா எண்டு நெனச்சன். தட்டைப் பாரமில்லாமப் பிடிச்சுக் குடுத்தன். வேற என்ன செய்ய ஏலும்?" துணியை என் பக்கம் நகர்த்தினார். "நல்ல பிள்ளை, நல்ல குடும்பம். வருத்தம் ஆருக்கு வராம இரிக்கு தங்கச்சி? என்ட அக்காட மகளைக் கட்டின வீட்டில ஒருத்தரும் அதைக் கேக்கல்ல. நாங்க மட்டும் கேப்பமா?"

நான் துணியை வாங்கி மேசையில் வைத்தேன். யாருக்குத் தெரியக்கூடாது என்று அந்தக் கையைப் பிடித்தோமோ, அவருக்கு முதல் தட்டிலேயே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அவருக்கு அது ஒரு பொருட்டில்லை. அவர் மரியாதைக்காக வாய் திறக்கவில்லை. நான் மரியாதைக்காகக் கையைப் பிடித்து இழுக்கவில்லை. இரண்டு பேரின் மரியாதைக்கும் நடுவில் அந்தக் கை வீங்கிக்கொண்டிருந்தது.

"அவக்கிட்டச் சொல்லிராதீங்க" என்றார் போகும்போது. "கையில மீன்முள்ளுக் குத்தினது எண்டு எனக்குச் சொல்லி வைச்சிரிக்கா. நானும் ஓமெண்டு கேட்டுக்கொண்டு இரிக்கன்."

சட்டைகளை நானே கொண்டுபோனேன். பொம்பிளையும் மாப்பிள்ளையும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். தவமணியக்கா கட்டிலில், தலையணையில் கையை உயர்த்தி வைத்தபடி படுத்திருந்தார். முகம் இன்னும் சிறுத்திருந்தது. குசினியில் சம்மந்தியம்மா சூப் காய்ச்சும் சத்தம் கேட்டது. வருகிற வழியெல்லாம், "என்னை மன்னிச்சிருங்க கா, நான் அந்தக் கையைப் பிடிச்சிருக்கக்கூடாது" என்று சொல்லிப் பழகிக்கொண்டு வந்தவள் நான். வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என் சேலையைப் பிடித்துக் கிட்ட இழுத்தார்.

"புள்ள, போட்டோ பாத்தியா? வந்திரிக்கு, மேசையில கிடக்கு. நல்லாப் பார், ரெண்டு கையும் ஒண்டுபோல. ஒரு நூல் பிசகல்ல."

எடுத்துப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தார். விரல்களைச் சாறி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு நின்றார்.

"அத்தனை சனம் வந்திச்சு. ஒருத்தருக்கும் தெரியல்ல" என்றார். குரலைத் தாழ்த்தி, குசினிப் பக்கம் கண்ணைக் காட்டினார். "அவக்குக்கூட. இவ்வளவு நாளாக் கிட்ட இருந்து பாக்கிறா, இன்னும் தெரியல்ல. நீயும் நானும் வெண்டுட்டம் புள்ள."

சம்மந்தியம்மா கோப்பையோடு வாசலில் வந்து நின்றார். அவருக்கு எவ்வளவு கேட்டது என்று எனக்குத் தெரியாது. கோப்பையை வைத்தார். கட்டிலோரம் இருந்து, சறுகியிருந்த போர்வையை எடுத்து, வலப்பக்கத்தை வேறெங்கோ பார்த்தபடி மூடிவிட்டார்.

"என்ன கதைக்கிறீங்க ரெண்டு பேரும்?"

"சட்டைக் கதை" என்றார் தவமணியக்கா, எனக்குக் கண்ணடித்து.

தவமணியக்கா அடுத்த மாரிமழைக்கு இருக்கவில்லை. மன்னிப்பை நான் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் என் பாரம் குறைந்திருக்கும். அவர் வென்றதாக நினைத்திருந்த அந்த ஒன்று உடைந்திருக்கும். கையைப் பிடிக்காதீர்கள், உடம்பைக் கேட்டு அளவெடுங்கள், பிழை தெரிந்தால் சபையென்று பாராமல் தையலை வெட்டுங்கள் என்று உங்களுக்கு என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். அன்று அந்த அறையில் நான் சொன்ன பதில் சரியா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. போட்டோவை மேசையில் வைத்துவிட்டு, சம்மந்தியம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"ஓம் கா. ஒருத்தருக்கும் தெரியல்ல."